அரை டம்ளர் என்ஜின் ஆயில்

ஜூன் 3, திங்கள்

காருக்குள் சாவி போடும் துளையைத் தேடி, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு ஐந்து நிமிடம் குடைந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு டீச்சர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிட்டார். நெஞ்சு வலி வந்து நான் சாய்ந்துவிட்டதாக நினைத்தாராம்.

"ஒன்னுமில்லீங்க டீச்சர். சாவி போடற ஓட்டை எங்கீன்னு பாக்கறேன்."

"இந்த வண்டிக்கு ஓட்டையே இல்லீங்களே. பட்டனை அமுத்தோணும். என்ற தம்பி வண்டியும் இதே மாதிரிதான்."

இருபத்தெட்டு வருடம் அரசு பஸ் ஓட்டிவிட்டு ரிட்டையர் ஆகி இன்றோடு மூன்றாம் நாள். உடுமலையில் என்னைத் தெரியாத ஸ்டாப்பிங் கிடையாது. என் மானம் ஒரு பட்டனில் போயிற்று.

கார் மகள் பவதாரணியுடையது. மாட்டு டாக்டருக்குப் படித்து, மலையடிவாரத்தில் ஆண்டிக்கரடு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அந்தப் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டே பஸ். ஈனும்போது கன்று மாட்டிக்கொண்டது என்று தோட்டத்திலிருந்து போன் வந்தால் பஸ்ஸுக்காகக் காத்திருக்க முடியுமா? அதற்காகத்தான் பழைய கார் ஒன்றைப் பார்த்து வாங்கினாள். டர்போ வைத்த டீசல் வண்டி. அவளே ஓட்டிப் போகிறாள், அவளே வருகிறாள்.

"நான் வேணா ஓட்டறனே கண்ணு, சும்மாதான இருக்கறேன்" என்று சாயங்காலம் கேட்டுப் பார்த்தேன்.

"இத்தன வருசம் ஓட்டுனது போதாதுங்களாப்பா? நல்லாப் படுத்துத் தூங்குங்க."

தூக்கம் வந்தால்தானே. நாலரைக்கு முதல் டிரிப் எடுத்த உடம்பு. நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. சங்கத்தில் கொடுத்த டைரி ஐந்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. அதையாவது ஓட்டுவோம்.

ஜூன் 5, புதன்

எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. பவா கிளம்பும் முன்னால் வண்டியைத் தயார் செய்து வைப்பது. விடிந்ததும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விட்டேன். நிறுத்தும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, வண்டி உறுமும்போதே அணைத்தேன். பழைய டிரைவர்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அப்படி அணைத்தால்தான் மறுநாள் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும் என்பார்கள். நிஜமா பொய்யா தெரியாது. கேட்கக் கம்பீரமாக இருக்கும்.

இறங்கிய கையோடு பானட்டைத் தூக்கி, ஆயில் பார்க்கும் குச்சியை உருவினேன். ஆயில் கீழ்க்கோட்டைக் கூடத் தொடவில்லை. இந்தப் பிள்ளை இதையெல்லாம் பார்க்காமலா ஓட்டுகிறது?

டெப்போவுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கேன் வாங்கி வந்து அரை டம்ளர் ஊற்றினேன். வீட்டுக்காரி வசந்தாமணி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இதெல்லா உங்களுக்குத் தெரியுமா?"

"இருபத்தெட்டு வருசம் யாரு ஓட்டுனது? உங்கொண்ணனா?"

அதோடு உள்ளே போய்விட்டாள். அவள் அண்ணனை இழுத்தால் போதும், எந்தப் பேச்சும் நின்றுவிடும்.

ஜூன் 6, வியாழன்

இன்றும் குறைவு. அரை டம்ளர்.

ஜூன் 7, வெள்ளி

இன்றும். வாசல் சரிவில் சாய்வாக வண்டி நிற்கிறது, குனிந்து குனிந்து இடுப்பு வலி.

ஜூன் 9, ஞாயிறு

பவாவிடம் சொன்னேன், "உன்ற வண்டி ஆயில் குடிக்குது கண்ணு" என்று. பயந்துவிட்டாள். "நானுந்தான் பாக்கறேன், எனக்குச் சரியா இருக்கற மாதிரித்தானப்பா தெரிஞ்சுது" என்றாள். குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, கோட்டைக் காட்டி எப்படிப் பார்ப்பது என்று பாடம் நடத்தினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவசரத்துக்கு ஊற்றிக்கொள்ள ஒரு சின்ன பாட்டிலில் ஆயில் நிரப்பி டிக்கியில் வைத்துக் கொடுத்தேன்.

டாக்டருக்குப் படித்த பிள்ளைக்கு, பத்தாவதில் இரண்டு தரம் கோட்டைவிட்டவன் பாடம் நடத்துகிறேன். இன்று சாப்பாடு ருசியாக இறங்கியது.

ஜூன் 13, வியாழன்

வண்டி நின்ற இடத்தில் தரையில் கருப்பாக மூன்று சொட்டு. ஓஹோ! ஒழுகுகிறது, அதனால்தான் குறைகிறது. நான் கவனித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பவா பார்த்தால் கவலைப்படுவாள் என்று பழைய பனியனால் துடைத்துவிட்டேன். ஒழுகுகிற வண்டிக்கு அரை டம்ளர் எந்த மூலைக்கு? இன்று முக்கால் ஊற்றினேன்.

ஜூன் 17, திங்கள்

காலையில் ஸ்டார்ட் செய்தபோது பின்னால் நீலமாகப் புகை. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. காற்றுக் காலம், அடிக்கிற அடியில் தெருவில் யாருக்கும் தெரியாமல் கலைந்துபோயிற்று.

ஆனால் வந்திருந்த மச்சான் திருமூர்த்தி பார்த்துவிட்டார். வசந்தாமணியின் அண்ணன். தென்னந்தோப்பு, டிராக்டர், எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம்.

"மாப்ளே, நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா? பொட்டப்புள்ளைக்கு டர்போ வண்டி எதுக்குன்னு? கிளட்சுல காலை வெச்சுட்டே ஓட்டியிருப்பா. இல்லீன்னா ரேசு."

"அதெல்லா இல்லீங் மாமா, அறுவதுக்கு மேல நான் போறதே இல்ல" என்றாள் பவா.

"அறுவதுல போனா எப்பிடிச் சாமி பொகையும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். எனக்கும்தான் காரணம் தெரியவில்லையே, என்னத்தைச் சொல்வது.

ஜூன் 20, வியாழன்

இன்று எழுதியே ஆக வேண்டும். எழுத்து கோணினால் கோணட்டும். மத்தியானம் பவா போன் செய்தாள். "அப்பா, வாங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போனேன். கரட்டு மேட்டில் ஏறும் ரோட்டில், காற்றாலைக் காற்றாடிகளுக்கு நடுவே கார் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் இருபது பேர்.

மேடு ஏறும்போது வண்டி தானாகவே அலற ஆரம்பித்ததாம். காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. பின்னால் ரோடே தெரியாமல் புகை. நிறுத்தி, பட்டனை அமுக்கியிருக்கிறாள். விளக்கெல்லாம் அணைந்துவிட்டது, என்ஜின் மட்டும் அணையவில்லை. இன்னும் இன்னும் என்று கத்திக்கொண்டே போகிறது. "தீப்புடிச்சுக்கும், எறங்கி ஓடு புள்ள" என்று ரோட்டோரத்தில் ஆடு மேய்த்தவர்கள் கத்தியிருக்கிறார்கள்.

இவள் ஓடவில்லை. நாலாவது கியரைப் போட்டு, பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, கிளட்சைப் பட்டென்று விட்டிருக்கிறாள். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியிருக்கிறது.

"யாரு கண்ணு சொல்லிக்குடுத்தாங்க உனக்கு?"

"யாரும் சொல்லலீங்ப்பா. வேற வழி தெரியல."

அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இறங்கி ஓடியிருப்பேன். முதல் ஆளாக.

ஜூன் 21, வெள்ளி

மெக்கானிக் அபுதாகிர் ஷெட்டுக்கு வண்டியை இழுத்து வந்தோம். நாற்பது வயதுதான் இருக்கும், ஆனால் டீசல் வண்டி என்றால் பொள்ளாச்சியிலிருந்து தேடி வருகிறார்கள். பேச்சு கம்மி.

முதலில் டர்போவிலிருந்து போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றினார். கருப்பு ஆயில் கொழகொழவென்று வழிந்தது. "காத்து போற வழி இது. இதுல ஆயிலுக்கு வேலையே இல்லீங்" என்றார். அப்புறம் டர்போவின் நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். "ஆட்டம் இருக்குது, ஆனா போயிடல. சீல் மாத்துனாப் பொழச்சுக்கும்."

பவா அவர் பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்து, மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள். புகை ஏன் நீலம், ஒழுகல் எங்கிருந்து, அணைத்தும் ஏன் ஓடியது.

"உங்கொடம்புல ரத்தம் சாஸ்தியானா அழுத்தம் ஏறுமில்லீங்களா டாக்டரம்மா, அந்த மாதிரி. ஆயில் அளவுக்கு மேல போனா அடியில மூச்சு முட்டும். கெடைச்ச சந்துலயெல்லாம் வெளிய வரும், அதான் ஒழுகல். கொஞ்சம் காத்து வழியில ஏறி உள்ள எரியும், அதான் பொகை. நேத்து உங்க வண்டி டீசல்ல ஓடல. ஆயிலயே குடிச்சுட்டு ஓடியிருக்குது. பட்டனை அமுத்துனா டீசல்தான நிக்கும்?"

அடிப்பிளக்கைக் கழற்றி ஆயிலை வடித்தார். அஞ்சு லிட்டர் பிடிக்கிற வண்டி. ஊரெல்லாம் ஒழுகி, எரிந்து, அப்புறமும் ஆறரை லிட்டர் வந்தது.

"யாருங்க இவ்வளவு ஊத்துனது?"

அவர் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. வாளியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நாந்தாங்ண்ணா" என்றாள் பவா. "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னப்ப கொறைவாத் தெரிஞ்சுது. டிக்கில இருந்த பாட்டில் முழுசும் ஊத்திட்டேன். அப்பா சொல்லிக்குடுத்துங்கூட எனக்குச் சரியாப் பாக்கத் தெரியல."

அந்தப் பாட்டில் அரை லிட்டர்.

அபுதாகிர் குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி சமதரையில நிக்கோணுங்க. நிறுத்திப் பத்து நிமிசங் கழிச்சுத்தான் குச்சியை உருவோணும். நிறுத்துன கையோட பாத்தா ஆயில் பூராம் மேலயே நிக்கும், கொறைவாத்தான் காட்டும். அப்பறம், இந்த உறுமிட்டு அணைக்கற பழக்கம் டர்போவுக்கு எமன். தண்டு சுத்திட்டே இருக்கும், ஆயில் போறது நின்னு போயிரும்."

எனக்குக் காது சுட்டது. சாய்வு வாசல். நிறுத்திய கையோடு. உறுமிவிட்டு.

உண்மையை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்தக் குச்சியை உருவியதில்லை. டெப்போவில் அதற்கு ஆள் உண்டு. நான் வருவேன், கையெழுத்துப் போடுவேன், ஏறி உட்காருவேன், ஓட்டுவேன். குச்சியை எப்படிப் பார்ப்பது என்பதே டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டதுதான்.

ஷெட்டில் இதைச் சொல்லாமல் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன்.

ஜூன் 22, சனி

மச்சான் தீர்ப்புச் சொல்ல வந்தார். "அளவு பாக்கத் தெரியாத கைக்கு வண்டி எதுக்கு? முந்தாநேத்து ஏதோ சாமி புண்ணியம். நாளைக்கு?"

வசந்தாமணி அழுதாள். பவா எழுந்து போய்ப் பையிலிருந்து கார் ரிமோட்டை எடுத்து வந்து என் முன்னால் டீப்பாயில் வைத்தாள்.

"இனி நான் ஓட்டலீங்ப்பா. ஆஸ்பத்திரிக்கு நீங்களே கொண்டு போய் விட்டுருங்க."

சொல்ல வாயைத் திறந்தேன். "செரி கண்ணு" என்று வந்தது.

ஜூன் 25, செவ்வாய்

புது ஆயில், புது சீல். புகை இல்லை, ஒழுகல் இல்லை. வண்டி பூப்போலப் போகிறது. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டேன். வழியில் எதிரே பஸ் ஓட்டி வந்த டெப்போ சகா பழனியப்பன் லைட் அடித்தான். நானும் அடித்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் புங்க மரம், நல்ல நிழல். நாலு தோட்டத்துக்குப் போனோம்.

ஜூன் 27, வியாழன்

இரண்டு பேருக்குமாக வசந்தாமணி கட்டிக் கொடுத்த கொள்ளுப் பருப்புச் சோற்றைக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். பவா ஒரு எருமைக்குச் செய்த ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள். அவள் படித்த ஐந்து வருடத்தில் என்ன படித்தாள் என்று நான் கேட்டதே இல்லை. எப்போதும் டியூட்டி. "டாக்டரம்மாவோட அப்பாவுங்களா?" என்று கேட்டுத் தோட்டத்துக்காரர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

இன்றும் ஏழு மணிக்கே ரெடியாகி நின்றேன்.

ஜூன் 28, வெள்ளி

பவா வண்டியில் வரும்போது கையை மடியில் கோத்து வைத்துக்கொள்கிறாள். மேடு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். கவனித்தேன். கவனிக்காத மாதிரி ரேடியோவைத் திருகினேன்.

ஜூன் 30, ஞாயிறு

பழனியில் ஒறம்பரை வீட்டுக் காதுகுத்து, சொந்தம் விட முடியாது. பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம், கார் பவாவுக்கு வேண்டியிருக்கும் என்று வசந்தாமணி சொன்னாள். "அவதான் ஓட்டறதில்லையே" என்றேன் நான். இருந்தாலும் பஸ்ஸில்தான் போனோம்.

மேளச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது ஒன்பது மிஸ்டு கால்.

ஆண்டிக்கரட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில், முதல் ஈத்துப் பசு. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. பதினோரு மணிக்கு போன் வந்திருக்கிறது. பவா காரில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டார்ட்டும் செய்திருக்கிறாள். கால் நடுங்கிக் கிளட்ச் நிற்கவில்லையாம். இறங்கிவிட்டாள். எனக்கு அடித்துப் பார்த்து, கடைசியில் கார் ஓட்டத் தெரியாத டீச்சர் மகனைக் கூப்பிட்டு, அவன் பைக்கில் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம்.

பசு பிழைத்தது. கன்று இல்லை.

நாங்கள் வந்தபோது துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். கை ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கெடேரிக் கண்ணுங்ப்பா, பொட்டை" என்றாள். "அரை மணி முந்திப் போயிருந்தா இழுத்திருப்பேன்."

ஜூலை 1, திங்கள்

கோயமுத்தூர் லேபுக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறாள். மேசை வேலை. டெஸ்ட் டியூப். "என்னை நம்பி ஒருத்தர் போன் பண்ணி, நான் போக முடியாம நிக்கறது இனி வேண்டாங்ப்பா. வியாழக்கிழமை அனுப்பிருவேன்" என்றாள்.

மாடு தொடுவதற்கென்றே பிறந்த கை. சின்னதில் தெருநாய்க்கெல்லாம் கட்டுப் போட்டுவிட்டு அடி வாங்கினவள்.

ராத்திரி நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

பவாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, டயரில் காற்றுப் பிடிக்கிறேன் என்று சொல்லி அபுதாகிர் ஷெட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"பாய், அந்த ஆயில் ஊத்துனது நான். தெனமும்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"தெரியுமுங்ண்ணா."

"எப்பிடி?"

"அரை லிட்டர் பாட்டில்ல ரெண்டு லிட்டர் எப்பிடிங்க வரும்? அதுமில்லாம, நான் உறுமி அணைக்கற பேச்சை எடுத்தப்ப நீங்க டீ வாங்கப் போயிட்டீங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே நீங்க."

"அதைய நான் சொல்றதுங்களா? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். அந்தப் புள்ள ஒரு கேள்வி விடாமக் கேட்டுச்சு. அதுக்கா அளவு பாக்கத் தெரியாது?" என்றார். போல்ட்டை முடுக்கிக்கொண்டே, "இப்பிடி என்ஜின் தானா ஓடுனா நாப்பது வருச டிரைவரே எறங்கிருவாருங்க. அது நிறுத்திருக்குது" என்றார்.

டயருக்குக் காற்றுப் பிடிக்காமலே திரும்பினேன்.

ஜூலை 3, புதன்

சாயங்காலம் மச்சானை நானே போன் செய்து வரச்சொன்னேன். பவா மேல் பழி சொன்னவர் காதில் விழாமல் சொன்னால் அது சொன்ன மாதிரியே ஆகாது.

நாலு பேரும் கூடத்தில். காபி ஆறும் வரை காத்திருந்து சொன்னேன். யாரும் நம்பவில்லை! எனக்கு இப்படி ஒரு பேர் இந்த வீட்டில்.

"மாப்ளே, புள்ளையக் காப்பாத்தறதுக்குன்னு உங்க தலைல இழுத்துப் போட்டுக்காதீங்க" என்றார் மச்சான். "இருபத்தெட்டு வருசம் ஓட்டுன மனுசனுக்கு ஆயில் பாக்கத் தெரியாதா?"

"தெரியாதுங் மச்சான்."

"வெளையாடாதீங்."

எல்லோரையும் வாசலுக்குக் கூட்டிப் போனேன். வண்டியைச் சாய்வில் நிறுத்தினேன். உறும மட்டும் விடவில்லை. அணைத்த கையோடு குச்சியை உருவிக் காட்டினேன். கீழ்க்கோடு. பத்து நிமிடம் எல்லோரும் கொசுக்கடியில் நின்றோம். வண்டியைச் சமதரைக்குத் தள்ளி மறுபடி உருவினேன். மேல்கோடு, சரியாக. வீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த காலி கேன்களையும் எடுத்து வந்து போட்டேன். மூன்று. வசந்தாமணி ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இருபத்தெட்டு வருசமும் டெப்போல யாரோதான் ஆயில் பாத்தாங்க. நான் ஓட்ட மட்டுந்தான் ஓட்டுனேன். பவா ஊத்துனது ஒரே ஒரு தரம், அதுவும் நான் தப்பாச் சொல்லிக்குடுத்தபடி. பொகை, ஒழுகல், அன்னைக்கு மேட்டுல நடந்தது எல்லாமே என்னாலதான். நிறுத்துனது அவ."

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். டிராக்டருக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார். போகும்போது பவாவின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அவருக்கு அது பெரிய வார்த்தை.

பவா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 4, வியாழன்

காலை ஏழு மணிக்கு வாசலுக்கு வந்தாள். நான் வெள்ளைச் சட்டை போடவில்லை. லேபுக்கு எழுதிய கடிதத்தை நாலாகக் கிழித்து, வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டதாக வசந்தாமணி ஏற்கனவே சொல்லியிருந்தாள்.

"அப்பா, ஒன்னு கேக்கறேன்" என்றாள். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருக்கலாம். "பாய் வாளியைப் பாத்துக் கேட்டாருல்ல, அப்ப நீங்க என்ற பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமாங் கண்ணு."

"நான்தான்னு நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தான நின்னீங்க?"

"ஆமாம்."

"அப்பறம் ஏங்ப்பா இத்தன நாளு?"

"வெக்கமா இருந்துச்சு சாமி."

தலையை ஆட்டினாள். இன்னும் ஏதோ வரும் என்பதுபோல என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வராததால் போய் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஒரு தரம் ஆஃப் ஆயிற்று. இரண்டாம் தரம் மெதுவாக, தெருவோரக் குழியைச் சுற்றிக்கொண்டு போனாள். முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். புகை இல்லை.

வெட்கம் என்று நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் வெட்கம் ஒரு நாளைக்குத்தான் வாயைக் கட்டும். மீதி நாளெல்லாம் என் வாயைக் கட்டியது வேறு: அவள் பயந்துபோய் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்த ஒரு வாரம் முழுக்க, நான் சந்தோஷமாக இருந்தேன்.